லாரிக்குள் எதிரெதிர் பெஞ்சு

அரக்கோணத்தில் நண்பனின் அறையில் பாதிப் பாய்க்குச் சொந்தக்காரனாக இருக்கும் என் மகனுக்கு, திருத்தணி மலையடிவாரத்தில் நான்கு சக்கர அரண்மனையில் வீற்றிருப்பவனும், தன் குரலால் ஏழு தாலுகாக் காக்கைகளைக் குடிபெயர வைத்தவனும், பர்மா யுத்தத்தைப் பெரும்பாலும் தனியாளாக நின்று முடித்துக் கொடுத்தவனுமாகிய உன் நைனா எழுதுவது. பட்டங்களை இத்தோடு நிறுத்துகிறேன். இன்னும் பதினான்கு பாக்கி இருக்கின்றன, எழுதத் தெம்பில்லை.

உன் கார்டு நேற்றுத் தபாலில் வந்தது. "கண்டிகைப் பெரியவரின் நிபந்தனைக்கு நான் உடன்பட முடியாது. தங்களைத் தனியே விட்டுவிட்டுப் போய் எனக்கு ஒரு கல்யாணம் தேவையில்லை. பெண் வீட்டாருக்குத் தாங்களே தெரிவித்துவிடவும்." மூன்றே வாக்கியம். கோபம் வந்தால்தான் நீ எனக்குத் 'தாங்கள்' போடுவாய்; மற்ற நாளெல்லாம் 'யோவ் நைனா'தான். கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தபால்காரரும் படித்திருக்கிறார்; கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிவித்துவிடவும் என்கிறாய். தெரிவிக்க வேண்டியது கண்டிகைக்கல்ல, உனக்கு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரே கடைசிக்குப் போக எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. பொறுத்துக்கொள்.

இந்த லாரி வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்களெல்லாம் சுமை ஏற்றுகிற லாரியைத் தேடினார்கள். நான் மட்டும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி படுக்கவும் உண்ணவும் வைத்திருந்த கூண்டு லாரியைத் தேடிப் பிடித்தேன். ஜன்னல், சுவரோடு மடிகிற கட்டில், நடுவில் ஒரு மேஜை, சுற்றி நான்கு தேக்கு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியும் ஒரு ஜில்லாக் கலெக்டரைத் தாங்கும். நான்கையும் ஒன்றாகத் தூக்க ஐராவதமே இரண்டு முறை மூச்சு வாங்கும். கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், உள்ளே பாட்டரியும் கிராமபோனும் தட்டுகளும். திருவிழாவுக்குத் திருவிழா, கல்யாணத்துக்குக் கல்யாணம் என்று மைக் செட் போட்டுக்கொண்டு போனோம். ஆடிக் கிருத்திகையில் காவடிக்காரர்களுக்கு வழிவிடச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் மலைப்படி ஒன்று கூடிப்போனதாக ஊரில் பேச்சு. கூட்டத்தில் தொலைந்த குழந்தையை நான் மைக்கில் வர்ணித்தால், தொலையாத குழந்தைகளும் ஓடி வந்து நிற்கும். ரிப்பேர் முழுக்க நீ, பேச்சு முழுக்க நான். உலகம் நம்மை அப்படித்தான் அறிந்தது.

உலகம் அறியாதது ஒன்று உண்டு. அந்த நாற்காலிகள் எனக்கு எவ்வளவு தோதாக இருந்தன என்பது. உன் அம்மா போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நீயும் நானும் லாரிக்குள் குடிவந்தோம் அல்லவா? அன்று முதல் சாப்பாட்டு வேளையில் என் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். நீ பின்னால் எங்கோ உட்கார்ந்து சிரிப்பாய். சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டால் எனக்குப் போதும். பிள்ளை தேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்வேன். இரண்டு வருஷத்துக்கு மேல் நான் உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. நாற்காலியில் இது ஒரு வசதி, மகனே. மனிதன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அந்தத் திருப்பதிப் பயணம். மலைப்பாதை வளைவில் நான் லாரியைத் திருப்பிய அழகைப் பார்த்து எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். உள்ளே நான்கு நாற்காலியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய்த் பாட்டுத்தட்டுப் பெட்டிமேல் விழுந்தன. பெட்டியைத் திறந்தபோது முழுசாக இருந்த தட்டுகள் மூன்று. அதில் இரண்டு ஒப்பாரி. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நாகஸ்வரக்காரர் வரும்வரைக்கும் நானே மைக்கில் பாடினேன். மாப்பிள்ளை ஓடாமல் இருந்தது அவன் முன்ஜென்மப் புண்ணியம்.

திரும்பி வந்ததும் நீ சொன்னாய்: "நைனா, நாற்காலிய தூக்கிப் போட்டுட்லாம். ரயில் பெட்டில இருக்குது பாரு, எதிரெதிர் பெஞ்சு, அந்த மாதிரி ஆணி அடிச்சுட்லாம். நடுவுல மேஜை. பெஞ்சுக்கு அடில தட்டு வெச்சுக்கலாம். ஒண்ணும் நவுராது."

"டேய், சிம்மாசனத்தைப் பறிக்கிறியா? அக்பருக்கு அப்புறம் இந்த அவமானம் எனக்குத்தான்டா."

"அக்பர் லாரி ஓட்னாரா?"

"ஓட்டியிருந்தா இன்னும் ரெண்டு தேசம் பிடிச்சிருப்பாரு."

சிரித்துவிட்டு நீ வேலையைத் தொடங்கினாய். பட்டாளத்துத் தோட்டாப் பெட்டிப் பலகையை இழைத்து இரண்டு பெஞ்சு. உட்காரும் பலகை மூடியைப் போலத் திறக்கும். கீழே தட்டு, பாட்டரி, துணிமணி எல்லாம். மேலே தேங்காய் நார் அடைத்து லாரிப் படுதாவில் உறை. முதுகுப்பலகையைச் சரித்தால் படுக்கை. மேஜைக்கு இரும்புக் கால் போட்டுத் தரையோடு நான்கு போல்ட் முடுக்கினாய். வெளியில் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வேலையைப் பார்த்து மயன் தன் உளியை ஏலத்துக்கு விட்டுவிட்டான். ஒரே ஒரு பிசகு. பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என் தொப்பையை வைத்து அளந்தாயே, அன்றைக்கு எனக்குக் கிருத்திகை விரதம். வெறும் வயிற்றை அளந்துவிட்டாய். மறுநாள் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு முடித்தபோது உன் நைனா மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி நின்றான். மூச்சை அடக்கி, முருகனை நினைத்து, பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்துதான் வெளியே வந்தேன். போல்ட்டைக் கழற்றித் தள்ளிப் போடுகிறேன் என்றாய். வேண்டாம், நான் இளைத்துவிடுகிறேன் என்றேன். இரண்டும் நடக்கவில்லை.

அந்த முதல் சாப்பாட்டைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வாசலைப் பார்க்க வழியில்லை. எதிரே நீ. முழங்காலோடு முழங்கால் இடித்தது. இருவரும் தட்டையே பார்த்தோம். மௌனம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். யானைக் கதையை எடுத்தேன். பர்மாவில் என் லாரி சேற்றில் மாட்டியதும், ஒரு யானை வந்து பதினோரு மைல் தள்ளிக்கொண்டு போனதும், கடைசியில் அது என்னிடம் லைசென்ஸ் கேட்டதும். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் சொல்லப் போகும் வார்த்தையை நீ எனக்கு முன்னால் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். "லைசென்ஸ்" என்று என் வாயிலிருந்து வருவதற்கு ஒரு கணம் முன்பே சிரித்தாய். சிரித்த முகத்தில் கண் இரண்டும் சிரிக்கவில்லை. ராத்திரியெல்லாம் கண்விழித்த ஆள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. இரண்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். உனக்கு இருபத்தாறு வயது. காதோரம் நரைத்திருந்தது. அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேளாவேளைக்குப் பார்த்தேன். ஒளிய இடமில்லையே. நான் இருமினால் நீ கவளத்தை நிறுத்துவாய். நான் கதையை எடுக்காவிட்டால், "அந்த யானை இன்னா ஆச்சு நைனா?" என்று நீயே எடுத்துக் கொடுப்பாய். நான் சோர்ந்துவிடக் கூடாதாம்.

உன் நிஜமான சிரிப்பை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கே.ஜி.கண்டிகையில் கோவில் விழாவுக்கு மைக் கட்டப் போனோமே, அங்கே கோதண்டத்தின் கிணற்று ஆயில் இஞ்சின் ஓடவில்லை என்று உன்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் போனாய். ஒரு நாள் வேலை என்பது உனக்கும் தெரியும், இஞ்சினுக்கும் தெரியும். மூன்றாம் நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது நீயாகச் சொன்னாய்: "நைனா, அந்த வூட்டுப் பொண்ணு அலமேலு இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'இது ஓடுறதுக்கு முன்னாடி இருமுதே, இதுக்கும் கஷாயம் குடுக்கலாமா?'ன்னு. கேட்டுட்டு எண்ணெய் தள்ற ப்ளங்கரை கரெக்டா கையால காட்டுது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். சோறு புரையேறியது. கண்ணில் தண்ணீர். நான் சொன்ன ஆயிரம் கதையில் ஒன்றுக்கும் உனக்குப் புரையேறியதில்லை. பொறாமையாக இருந்தது என்று எழுதிவிடுகிறேன். பெற்றவனுக்கும் பொறாமை வரும்.

ஆள் விட்டுப் பெண் கேட்டேன். கோதண்டமும் சரி என்றார். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். வீட்டுக்குத்தான் எங்கே போவது? ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் கோதண்டமும் அவருடைய அக்கா நாகம்மாவும் வந்து இறங்கினார்கள். வெளியே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்று எதிர்பார்த்து, கோதண்டம் புது அங்கவஸ்திரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். நம்மிடம்தான் நாற்காலி இல்லையே. உள்ளே ஏறச் சொன்னேன். நாகம்மா ஏறவில்லை. "எனுக்கு வெளியவே காத்து கீது. சக்கரம் வெச்ச வூட்ல ஏறிக்கினா எந்த ஊர்ல எறக்கி வுடுவாரோ," என்று வாசலில் நின்றுகொண்டாள்.

இப்போது என் களவைச் சொல்கிறேன். கோதண்டத்தைச் சுவரோரம் தள்ளி உட்கார வைத்தது நான். அவர் உடம்பு என்னைப் போல் ஒன்றரை மடங்கு. வடையும் கேசரியும் வைத்தேன். உன்னைச் சோடா வாங்கிவர அனுப்பினேன். கடை மூடியிருக்கும், ஸ்டேஷன் பக்கம்தான் நீ போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். கோதண்டம் நல்ல மனிதர். ஆனால் சங்கடமான பேச்சு என்றால் மூன்றாவது வார்த்தையில் எழுந்து போய்விடுகிறவர். ஆறாவது வடையை அவர் தட்டில் வைத்தது உபசாரத்துக்கு அல்ல. அது தாழ்ப்பாள்.

"போதுங்க," என்று எழப் பார்த்தார். மேஜை விடவில்லை. பக்கவாட்டில் நகரப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. "இன்னாங்க இது, உக்காந்தவன் எழுந்திருக்காத மாதிரி பண்ணிகீறீங்க?"

"சம்பந்தி, ஒரு வார்த்தை. எம் புள்ளைய நீங்க எடுத்துக்கணும். வூட்டோட மாப்பிள்ளையா. இல்லடம்."

அவர் முகத்தில் எண்ணெய் வழிந்தது. நம் எல்லைப்புறத்தில் இல்லடம் கேட்பது பெண்ணைப் பெற்றவன்தான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும், நிலத்தைப் பார்க்க, கொள்ளி வைக்க என்று பயந்து பயந்து கேட்பார்கள். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவன் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்ததாக இந்தத் தொண்டை மண்டலத்தில் சரித்திரமே இல்லை. கோதண்டம் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

"பையனுக்கு இன்னா கொறை? உள்ளத சொல்லிடுங்க. காக்கா வலிப்பா?"

"பையனுக்கு ஒரு கொறையும் இல்ல. அவனுக்கு நான்தான் கொறை."

வாசலிலிருந்து நாகம்மா: "தம்பி, இந்தாளு பெத்த புள்ளைய தள்ளி வுட்டுட்டு ஊர் மேயப் பாக்கறாரு."

"ஆங், அப்படியே வெச்சுக்கங்கம்மா," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஏச்சுக்கு எதிர் ஏச்சு வராமல் போனது அன்றைக்குத்தான். பிறகு கோதண்டத்திடம் கெஞ்சினேன். நான் சொன்னதாகச் சொன்னால் நீ ஒரு நாளும் கேட்க மாட்டாய். அதனால் அவரே நிபந்தனையாகக் கேட்க வேண்டும் என்றேன். "பழி எம்மேலயா?" என்றார். "உங்க மேலதான்," என்றேன். கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். "பொண்ணுக்கு அந்தப் பையன்னா உசுரு," என்றார் கடைசியில். "செரி. நானே கேக்கறன்."

நீ சோடாவோடு வந்தாய். அவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் படுத்தாய். இரண்டு போல்ட் கழற்றியிருப்பாய். அப்போதுதான் பாவம் அந்த மனிதர் மேலேயிருந்து சொன்னார்: "தம்பி, எம் பொண்ணு வூட்ட வுட்டு வராது. நீதான் கண்டிகைக்கு வந்துடணும். உங்க நைனா கூட இருக்க முடியாது." நீ எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் மேஜையைப் பார்த்தேன். "அவரு எங்க போவாரு?" என்று கேட்டாய். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனவன்தான். நாகம்மா உள்ளே ஏறி, தம்பியின் இரண்டு கையையும் பிடித்து, "பொறக்கும்போதும் இப்டிதான்டா ஆத்தாவ பாடா படுத்தின," என்று இழுத்து வெளியே எடுத்தாள். புது அங்கவஸ்திரம் ஆணியில் கிழிந்தது.

ஆகவே, உன் கார்டில் இருக்கும் கோபம் விலாசம் தவறி வந்திருக்கிறது. கோதண்டம் உன்னை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கவில்லை. நான்தான். அரக்கோணம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நீ போனாயாம். அந்த மனிதர் ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முந்தாநாள் இங்கே வந்தார். "வெள்ளிக்கெயம வரிக்கும் பாக்கறன். அதுக்கு மேல பொண்ணப் பாத்துகினு என்னால கம்முனு இருக்க முடியாது, உள்ளத சொல்லிடுவன்," என்றார். அதிகாரமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

அப்பன் எழுதும் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். குடித்தனம் வைத்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிடும்படி இடம் செய்துகொள். திரும்பிக்கொள்ள வசதி இருந்தால் திரும்பிக்கொள்வாய். நீ என் பிள்ளை. சுவரோரத்தில் நீ உட்கார். வாசல் பக்கத்து இடம் அலமேலுவுக்கு. வேண்டும்போது யாரையும் கேட்காமல் அவள் எழுந்து போகட்டும். அவள் ஒரு கதையை இரண்டாம் தரம் சொன்னால், கேட்டாயிற்று என்று சொல்லிவிடு. நான் உன்னை அதற்குப் பழக்கவில்லை.

உன் நன்மைக்காகத்தான் இதைச் செய்தேன் என்று முடித்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அதில் பாதிதான் நிஜம். மீதியையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மா போன அன்று நீ அழவில்லை. நான் பயந்துபோய், காரியம் முடிவதற்குள் ஒரு வேடிக்கைக் கதை சொன்னேன். நீ சிரித்தாய். அன்றிலிருந்து, நான் நிறுத்தினால் நீ உடைந்துபோவாய் என்று நான் கதை சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ நிறுத்தினால் நான் உடைந்துபோவேன் என்று நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். எனக்குக் களைத்துப்போய்விட்டது, மகனே. இந்தப் பத்து நாளாக நீ இல்லாத லாரியில் ஒரு கதையும் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அழுதேன். பிறகு நன்றாகத் தூங்கினேன். உன் எதிரில் என்னால் அது முடியாது. என் எதிரில் உன்னாலும் முடியாது. மைக் செட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குத் தெரியும். மற்றது ரிப்பேரானால் கண்டிகை ஒன்றும் காசி இல்லை.

வேண்டாம் என்றுதான் உனக்கு இன்னும் தோன்றினால், வேண்டாம் என்று சொல். கேட்டது யார் என்று தெரிந்துகொண்டு சொல். கோதண்டத்திடம் நேரில் சொல், கார்டு போடாதே. வேண்டும் என்றால் அலமேலுவிடம் முதலில் சொல்.

எப்படியானாலும் வெள்ளிக்கிழமைக்குள் புறப்படு. ரயிலில் வந்து திருத்தணியில் இறங்கியதும் கண்டிகைக்கு நேரே பஸ் பிடி. லாரிப் பக்கம் வராதே. உன்னைப் பார்த்தால் நான் ஏதாவது கதை சொல்லித் தொலைப்பேன், நீயும் சிரித்துவிடுவாய்.